இந்த வரி எப்போதாவது ஓடுமா?

"அண்ணே, இதை யாருமே கூப்பிடலையே லா. எடுத்துடலாமா?"

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டான். வேலை முடிந்து எக்ஸ்போவில் டௌன்டவுன் தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம். சிராங்கூன் ரோடு கோமள விலாஸில் ஆளுக்கொரு தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்ததுமே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். திரையில் ஜிகோவ் என்ற கருவியின் கவரேஜ் அறிக்கை. ஓடிய வரிக்கு முன்னால் அது எத்தனை தடவை ஓடியது என்ற எண் இருக்கும். ஓடவே ஓடாத வரிக்கு முன்னால் ஐந்து '#' குறிகள் நிற்கும். அவன் காட்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை அந்தக் குறிகள்தான்.

நாங்கள் பராமரிப்பது போஸ்ட்கிரெஸிலிருந்து கிளை பிரித்து, உள்பயன்பாட்டுக்காக மாற்றிக்கொண்ட ஒரு தரவுத்தளம். அவன் காட்டியது அதன் எக்ஸிகியூட்டரை, அதாவது குவெரியை உண்மையில் ஓட்டும் பகுதியை. அந்தப் பகுதியில் கை வைப்பதென்றால் எல்லோருக்கும் பயம். "இத்தனை வருஷமா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். வேறு சிலர் யாரையும் கேட்காமல் அழித்துவிட்டு, டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்ததே என்பார்கள். இவன் இரண்டும் செய்யாமல் கேட்டான். அதற்காகவே அவனுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்குப் பேசியதையும், அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடிப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸிகியூட்டரில் ஒரு வரி செத்துவிட்டதா என்ற கேள்விக்கு எக்ஸிகியூட்டருக்குள் விடை கிடைக்காது. கவரேஜ் அறிக்கையிலும் கிடைக்காது. அந்த வரி ஏன் ஓடவில்லை என்பதற்கான காரணம் வேறெங்கோ, பெரும்பாலும் பிளானரில் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அழிப்பதும் தவறு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டுவைப்பதும் தவறு.

தரவுத்தளத்துக்குள் பிளானர், எக்ஸிகியூட்டர் இருவரின் உறவு எப்படி என்று தெரிந்தால்தான் மேலே போக முடியும். நாம் எழுதும் குவெரியைப் படித்து, அதை எந்த வழியில் நிறைவேற்றினால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டு ஒரு மரத்தைக் கட்டித் தருவது பிளானர். அந்த மரத்தின் ஒவ்வொரு நோடும் ஒரு சின்ன வேலைக்காரன்: ஒன்று அட்டவணையை வரிசையாகப் படிக்கும், ஒன்று அடுக்கும், ஒன்று இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும். மேலே இருக்கும் நோடு கீழே இருப்பதிடம் "அடுத்த பதிவைக் கொடு" என்று கேட்கும்; கீழே இருப்பது ஒரே ஒரு பதிவைக் கொடுக்கும். கோட்ஸ் கிரேஃப் 'வால்கேனோ' என்ற பெயரில் விவரித்துப் புகழ்பெற்ற முறை இது. எக்ஸிகியூட்டர் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. பிளானர் கட்டாத மரத்தை அது ஒருநாளும் ஓட்டாது. ஆகவே எக்ஸிகியூட்டரில் எழுதப்பட்ட ஒரு திறமை உயிரோடு இருக்கிறதா என்றால், அதைக் கேட்கும் மரத்தை பிளானர் கட்டுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

தம்பி காட்டிய வரிகள் 'மார்க்', 'ரிஸ்டோர்' என்ற இரண்டு வேலைகளைச் சேர்ந்தவை. ஒரு நோடு பதிவுகளைக் கொடுத்துக்கொண்டே போகும்போது "இந்த இடத்தைக் குறித்துக்கொள்" என்பது மார்க். "குறித்த இடத்துக்குத் திரும்பிப் போ" என்பது ரிஸ்டோர். இது எதற்கு வேண்டும் என்று அவன் கேட்டபோது, உதாரணத்துக்கு நான் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூரில் 1995 செப்டம்பரிலிருந்து அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு. முஸ்தஃபா சென்டர் 207704. கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் 209924. தேக்கா சென்டர் 210665. ஆனால் தேக்கா சென்டர் ஒரு கடை இல்லையே. கீழே மீன், ஆட்டிறைச்சி, காய்கறி. பக்கத்தில் பிரியாணியும் தோசையும் விற்கும் உணவுக் கடைகள். மாடியில் துணிக்கடைகள், தையல்காரர்கள். அத்தனை பேருக்கும் ஒரே 210665.

இப்போது இரண்டு அட்டவணைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆர்டர்கள், இன்னொன்றில் கடைகள். இரண்டையும் அஞ்சல் குறியீட்டை வைத்துச் சேர்க்க வேண்டும். பிளானர் மெர்ஜ் ஜாயின் தேர்ந்தெடுக்கிறது. இரண்டு பட்டியலும் குறியீட்டு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை நடந்தால் போதும். ஆர்டர் பக்கம் 207704, கடைப் பக்கமும் 207704, பொருந்தியது. அடுத்து நகர்ந்தால் கடைப் பக்கம் 209924 வருகிறது, ஆர்டர் பக்கம் 210665க்குப் போய்விட்டது. சின்னதாக இருக்கும் பக்கத்தை நகர்த்து. இதுவரை எல்லாம் முன்னோக்கிய நடைதான்.

தேக்காவுக்கு வந்ததும் சிக்கல். ஆர்டர் பக்கத்தில் 210665 அடுத்தடுத்து இரண்டு இருக்கிறது. கடைப் பக்கத்தில் ஆட்டிறைச்சிக் கடை, பிரியாணிக் கடை, புடவைக் கடை என்று மூன்று 210665. முதல் ஆர்டருக்கு மூன்று கடைகளையும் பொருத்திக்கொண்டே போய், கடைப் பட்டியலில் 210665ஐத் தாண்டிவிட்டோம். இப்போது இரண்டாவது ஆர்டரும் 210665 என்கிறது. அதற்கும் அந்த மூன்று கடைகள் வேண்டும். நாமோ அவற்றைக் கடந்து வந்துவிட்டோம். அதனால்தான் முதல் 210665 கடையைப் பார்த்த உடனேயே மெர்ஜ் ஜாயின் கீழேயுள்ள நோடிடம் "குறித்துக்கொள்" என்று சொல்லியிருக்கும். இப்போது "அங்கே போ" என்கிறது. மூன்று கடைகளும் மறுபடி வருகின்றன.

மார்க், ரிஸ்டோர் என்பது இவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் இப்படி இடம் குறித்துத் திரும்பிப் போகச் சொல்வது மெர்ஜ் ஜாயின் மட்டுமே. அதுவும் தனக்கு நேர் கீழே உள்பக்கம் (நம் உதாரணத்தில் கடைப் பக்கம்) இருக்கும் ஒரே ஒரு குழந்தை நோடிடம் மட்டுமே.

இங்கேதான் தர்க்கம் தொடங்குகிறது. மெர்ஜ் ஜாயினுக்கு அடுக்கப்பட்ட பட்டியல்தான் வேண்டும். அட்டவணையை அப்படியே படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேன் எந்த வரிசையிலும் கொடுப்பதில்லை. வட்டில் எப்படிக் கிடக்கிறதோ அப்படிக் கொடுக்கும். 8.3 பதிப்பிலிருந்து, ஒரே பெரிய அட்டவணையை ஏற்கெனவே ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது ஆள் நடுவிலிருந்தே சேர்ந்து படிக்கத் தொடங்கும் வசதியும் வந்துவிட்டது, அதனால் தொடக்கம்கூட நிச்சயமில்லை. ஆகவே சீக்வென்ஷியல் ஸ்கேன் ஒருநாளும் மெர்ஜ் ஜாயினுக்கு நேர் கீழே உள்பக்கம் உட்கார முடியாது. இடையில் சார்ட் நோடு வந்தே தீரும். மெர்ஜ் ஜாயின் "குறித்துக்கொள்" என்று சொல்வது அந்த சார்ட்டிடம்தான். சீக்வென்ஷியல் ஸ்கேனின் காதில் அந்தச் சொல் விழவே விழாது.

ஆனாலும் சீக்வென்ஷியல் ஸ்கேனுக்கு மார்க், ரிஸ்டோர் இரண்டும் பல வருடங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பதிவின் இருப்பிட எண்ணைச் சொல்லி எடுக்கும் டிட் ஸ்கேனுக்கும், குவெரியிலேயே எழுதிக் கொடுத்த மதிப்புகளைப் படிக்கும் வேல்யூஸ் ஸ்கேனுக்கும் இருந்தன. 2014 நவம்பரில் டாம் லேன் அந்த மூன்றையும் நீக்கினார். 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் அவை இல்லை.

தம்பியை நான் படிக்கச் சொன்னது அந்த கமிட்டின் செய்தியை. சில வரிகள்தான். இவை இனிமேல் எப்போதாவது பயன்படும் என்பதற்கு வழியே தெரியவில்லை என்கிறார். யாராவது கூப்பிட்டால்கூட இவற்றில் சில சரியாக வேலை செய்யுமா என்பதே சந்தேகம், நீண்ட காலமாக இவை ஓடியதே இல்லை, ஒருவேளை என்றைக்குமே ஓடியிருக்காது என்கிறார். அதோடு நிற்காமல், மார்க், ரிஸ்டோர் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று எக்ஸிகியூட்டர் கோப்பு ஒன்றில் வழவழவென்று இருந்த விளக்கக் குறிப்பையும் திருத்தி, மெர்ஜ் ஜாயினின் உள்பக்கக் குழந்தைக்கு மட்டுமே வேண்டும் என்று அடித்துச் சொல்லும்படி எழுதிவைத்தார். நிரலை அழித்தது பாதி வேலை. காரணத்தை அடுத்தவர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதிவைத்தது மீதிப் பாதி. எனக்கு இரண்டாவது பாதிதான் பெரிதாகத் தெரிகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று அந்தச் செய்தியின் கடைசியில் இருக்கிறது. ரிசல்ட் என்று ஒரு நோடு உண்டு. கீழிருந்து வரும் பதிவைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கும், அல்லது ஒரு நிபந்தனையை ஒரே தடவை சரிபார்த்து வழிவிடும். கீழிருந்து அடுக்கப்பட்டு வந்தால் அந்த வரிசை கலையாமல் மேலே போகும். அதற்கும் மார்க், ரிஸ்டோர் இருந்தது. அதுவும் அன்றைக்குச் செத்த நிரல்தான். அதை டாம் லேனே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதை அவர் அழிக்கவில்லை. அது ஓடாததற்குக் காரணம் பிளானரின் இன்றைய வரம்பு, என்றைக்காவது பிளானர் வளர்ந்தால் இது பயன்படக்கூடும் என்று சொல்லி விட்டுவைத்தார்.

கவரேஜ் அறிக்கையில் சீக்வென்ஷியல் ஸ்கேனுக்கும் ரிசல்ட்டுக்கும் ஒரே ஐந்து '#' குறிகள்தான் இருந்திருக்கும். ஒன்று இயல்பிலேயே ஓட முடியாதது; மெர்ஜ் ஜாயின் என்றால் என்ன என்ற வரையறையே அதை ஓடவிடாது. இன்னொன்று இன்றைய நிலைமையால் ஓடாதது. இந்த வேறுபாட்டைச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது. உட்கார்ந்து யோசிக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் நடந்ததும் அவர் விட்டுவைத்ததற்குச் சாதகமாகத்தான் போனது. 2016 செப்டம்பரில் வந்த 9.6இல் பிளானரின் மேற்பகுதி பெரிய அளவில் மாற்றி எழுதப்பட்டது. அதன் பிறகான போஸ்ட்கிரெஸில், "இந்தப் பாதை மார்க், ரிஸ்டோரைத் தாங்குமா" என்று பிளானர் கேட்கும் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். ரிசல்ட் நோடாக மாறக்கூடிய பாதை வகைகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் கவனம் தேவை என்று ஒரு குறிப்பு இருக்கும். கீழே குழந்தை இருக்கும் வகையென்றால், குழந்தை தாங்கினால் ரிசல்ட்டும் தாங்கும் என்ற பதில் இருக்கும்.

அதே கோப்பில் எனக்குப் பிடித்த இன்னொரு சின்ன விஷயம். தெரியாத வகை நோடிடம் மார்க் சொன்னால் மார்க்குக்கான ஃபங்ஷன் கத்துவதில்லை. பிழைதேடும் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் போய்விடும். அதே நோடிடம் ரிஸ்டோர் சொன்னால் உடனே பிழை என்று நிறுத்திவிடும். திரும்பிப் போகச் சொல்லும்வரை யாருக்கும் நஷ்டமில்லை, ஆகவே அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது எழுதியவரின் எண்ணம். ஓடக்கூடாத இடத்தில்கூட எவ்வளவு சத்தம் போட வேண்டும் என்று ஒருவர் அளந்து எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வரிகளுக்கு முன்னாலும் '#' குறிகள் வரும். அவற்றைச் செத்த நிரல் என்று அழித்தால் அது அநியாயம்.

தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது. தம்பி விடவில்லை. "சரி அண்ணே, சும்மா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? ஓடாத வரியால யாருக்கு என்ன தொந்தரவு?"

தொந்தரவு பராமரிப்பவருக்கு. 2019இல் போஸ்ட்கிரெஸ் 12 வந்தபோது, அட்டவணையைச் சேமிக்கும் முறையையே மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம் என்ற வசதி வந்தது. புதிய சேமிப்பு முறை எழுதுகிறவர் நிறைவேற்ற வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல் ஒன்று உண்டு. இண்டெக்ஸ் முறைகளுக்கான அதுபோன்ற பட்டியலில் மார்க், ரிஸ்டோர் இரண்டும் இருக்கின்றன, ஏனென்றால் பி-ட்ரீ இண்டெக்ஸ் அடுக்கிக் கொடுக்கும், அங்கே அது உண்மையிலேயே தேவை. அட்டவணை முறைகளுக்கான பட்டியலில் அவை இல்லை. 2014இல் அழித்திருக்காவிட்டால், புதிய சேமிப்பு முறை எழுத வந்த ஒவ்வொருவரும் "இதை நான் எழுத வேண்டுமா, எழுதினால் எப்படிச் சோதிப்பது" என்று ஒருமுறை நின்று யோசித்திருப்பார்கள். யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்காகப் பலர் உழைத்திருப்பார்கள்.

பணமும் போகும். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேபிடல் நிறுவனத்துக்கு நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும். 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட 'பவர் பெக்' என்ற பகுதியை அவர்கள் நிரலிலிருந்து எடுக்கவில்லை. 2005இல், எத்தனை பங்கு வாங்கியாயிற்று என்று எண்ணி நிறுத்தும் பகுதியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பவர் பெக் அதற்குப் பிறகும் சரியாக நிற்குமா என்று சோதிக்கவில்லை, செத்ததுதானே. 2012இல் புதிய வசதிக்கு, பவர் பெக்கை இயக்கிவந்த அதே கொடியை மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. அந்த ஒன்றில் பழையது எழுந்து, நிறுத்த ஆளில்லாமல் ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பியது. முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஓடாத வரியும் சுற்றியிருக்கும் நிரல் மாற மாறப் பொருள் மாறிக்கொண்டே போகிறது. அதைத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லாததுதான் ஆபத்து.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அறிக்கையில் '#' விழுந்த எல்லாவற்றையும் காட்டி இதையும் எடுக்கலாம், அதையும் எடுக்கலாம் என்று ஆரம்பித்தான். அங்கே அவனை நிறுத்த வேண்டியிருந்தது. அவன் காட்டியதில் ஒன்று 'ரீசெக்' வகையைச் சேர்ந்தது.

ஒரே நேரத்தில் இருவர் ஒரே பதிவை மாற்ற வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ன செய்யும்? ஒரு கல்யாண மண்டபத்தின் தீபாவளி வாரத்து முன்பதிவு, நிலை 'காலி'. இரண்டு எழுத்தர்கள், இரண்டு கணினிகள். காலியாக இருக்கும் பதிவை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றச் சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். முதல் ஆள் பூட்டைப் பிடித்துவிட்டார். இரண்டாவது ஆள் காத்திருக்கிறார். முதல் ஆள் முடித்து கமிட் ஆனதும், வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில் எக்ஸிகியூட்டர் ஒரு காரியம் செய்கிறது. அந்தப் பதிவின் புதிய வடிவத்தை எடுத்து, "இது இன்னமும் 'காலி'தானா" என்று மரத்தின் நிபந்தனைகளை அந்த ஒரு பதிவுக்காக மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. இப்போது காலி இல்லை. ஆகவே இரண்டாவது ஆளுக்கு எந்தப் பதிவும் மாறாது. மண்டபம் இருவருக்குப் போகாமல் தப்பியது அந்த மறுபரிசீலனையால்.

இந்தப் பாதை, ஒரே ஒரு இணைப்பில் ஒன்றன்பின் ஒன்றாக குவெரி ஓட்டும் டெஸ்டில் என்றைக்கும் ஓடாது. ஆயிரம் டெஸ்ட் இருந்தாலும் ஓடாது. இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் சரியான கணத்தில் மோத வேண்டும். 2011இல் வந்த 9.1இல்தான், பல இணைப்புகளின் படிகளை இப்படி இப்படிப் பின்னி ஓட்டு என்று எழுதிக் கொடுக்கக்கூடிய ஐசொலேஷன் டெஸ்ட் கருவி போஸ்ட்கிரெஸுக்குள் வந்தது. அதற்கு முன் இந்தப் பாதைகளை நம்பிக்கையும் அனுபவமும்தான் காப்பாற்றிவந்தன. சீக்வென்ஷியல் ஸ்கேனின் ரீசெக் ஃபங்ஷன் நெடுங்காலமாகச் செய்துவந்ததெல்லாம் 'சரி' என்று திருப்பி அனுப்புவது மட்டுமே. இந்த ஸ்கேன் சாவிகளைப் பயன்படுத்துவதே இல்லை, இது ரொம்ப மோசம் என்று அடைப்புக்குறிக்குள் யாரோ வருத்தப்பட்டு எழுதிய குறிப்பும் அதற்குள் இருந்தது. பார்க்கிறவருக்கு இது வெறும் கூடு மாதிரித் தெரியும். ஆனால் 'இங்கே மறுபடி பார்க்க எதுவும் இல்லை' என்பதும் மேலே இருக்கும் நிரலுக்கு வேண்டிய ஒரு பதில்தான்.

டெஸ்டில் ஓடாவிட்டாலும் உயிரோடு இருக்கும் இந்த வகை நிரல் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1997 மே மாதம் நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட்'97 மாநாட்டின் காலத்தில், ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. 1999இல் சென்னையில் டாம், டாப் என்று இரண்டு தரங்களுக்கு வந்தார்கள். டிஸ்கி என்ற குறியேற்றம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யூனிகோடு எல்லாவற்றையும் விழுங்கியது. பழைய குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதி ஒரு மென்பொருளில் இருந்தால், இன்றைய டெஸ்ட் எதிலும் அது ஓடாது, ஏனென்றால் டெஸ்ட் எழுதுகிறவர் யூனிகோடில்தான் தட்டுகிறார். அதற்கு உயிர் இருக்கிறதா என்பது நிரலைப் பொறுத்ததே அல்ல. யார் வீட்டு அலமாரியில் 1998இன் கோப்பு கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தப் பகுதியைச் செத்ததென்று அழிக்க நினைக்கும் ஆள், நிரலைப் படிப்பதை விட்டுவிட்டுப் பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்களைப் போய்க் கேட்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் சொந்த வரலாற்றிலும் ஒரு பெரிய அழிப்பு இருக்கிறது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு 1986இல் பெர்க்லியில் தொடங்கியபோது, பழைய பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்து 'போன வாரம் இந்த அட்டவணை எப்படி இருந்தது' என்று கேட்கும் வசதி அதன் பெருமைகளில் ஒன்று. டைம் டிராவல் என்று பெயர். 1997இல் 6.2 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதே பெயரில் துணைத் தொகுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன மாற்று வசதியும் 12ஆம் பதிப்பில் போனது. ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணம், அதாவது பதிவை மாற்றும்போது பழையதன் மேல் எழுதாமல் பக்கத்தில் புதியதை வைப்பது, போகவில்லை. படிக்கிறவர் எழுதுகிறவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற இன்றைய வசதி முழுவதும் அதன் மேல் நிற்கிறது. முதலில் பழைய பதிவுகளைக் காப்பகத்துக்கு நகர்த்துவதற்காக இருந்த வேக்யூம், இன்று அவற்றைக் கூட்டித் தள்ளுகிறது. வசதி போய்விட்டதே, அதோடு வந்ததெல்லாம் போகட்டும் என்று அன்றைக்கு யாராவது துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தை எழுதுகிறவர்கள் ஓடாத வரிகளைக் கையாளும் விதம் வேறு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். அவர்கள் ஒவ்வொரு கிளையும் இரண்டு பக்கமும் ஓடியதா என்று நூறு சதவீதம் சோதிப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 'இது நடக்காது, ஆனாலும் நடந்தால் தாங்க வேண்டும்' என்று எழுதும் தற்காப்பு வரிகளை என்ன செய்வது? அதற்கென்றே 'நெவர்', 'ஆல்வேஸ்' என்று இரண்டு மேக்ரோக்கள். சாதாரணமாகக் கொடுக்கும் பதிப்பில் அவை நிபந்தனையை அப்படியே விட்டுவிடும், தற்காப்பு வேலை செய்யும். சோதனைக்கான பதிப்பில், நடக்காது என்றது நடந்தால் நிரல் உடனே நின்றுவிடும். கவரேஜ் அளக்கும்போது அந்த நிபந்தனை மாறிலியாகிவிடும், அறிக்கையில் பொய்யான '#' விழாது. இந்த வரி செத்தது என்று தெரிந்தே வைத்திருக்கிறோம் என்பதை நிரலுக்குள்ளேயே, இயந்திரம் சரிபார்க்கும்படி சொல்லிவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸிலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆசை உண்டு.

எங்கள் தரவுத்தளத்துக்கு வருகிறேன். தம்பி முதலில் காட்டியது, எங்கள் கிளையில் யாரோ பின்னால் சேர்த்த ஒரு ஸ்கேன் நோடின் மார்க், ரிஸ்டோர். பழைய சீக்வென்ஷியல் ஸ்கேனைப் பார்த்து நகலெடுத்து எழுதியிருக்கிறார்கள். அங்கே இருந்தது, இங்கேயும் வந்துவிட்டது. கிட் வரலாற்றில் அந்த ஃபங்ஷன் பெயரைத் தேடிப் பார்த்தோம். சேர்த்த நாளிலிருந்து எந்த இடத்திலிருந்தும் வேறு யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. அது எந்த வரிசைக்கும் உறுதி தராத ஸ்கேன், ஆகவே 2014இன் அதே தர்க்கம் வரிக்கு வரி பொருந்தியது. பேட்ச் எழுதியது தம்பிதான். செய்தியில் "யாரும் கூப்பிடவில்லை" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தான். அது காரணம் அல்ல, அது அறிகுறி என்று சொல்லி, மெர்ஜ் ஜாயின் ஏன் இதை ஒருநாளும் கேட்க முடியாது என்று எழுதச் சொன்னேன். எழுதினான், நன்றாகவே எழுதினான். எக்ஸிகியூட்டரின் தலைப்புக் குறிப்பையும் அவனே திருத்தினான்.

ரீசெக் பாதையை எடுக்கவில்லை. இரண்டு இணைப்புகள் மோதும் ஒரு ஐசொலேஷன் டெஸ்ட் சேர்த்தோம், '#' குறிகள் எண்களாகின.

மூன்றாவது ஒன்று பாக்கி இருக்கிறது. அடுக்கப்பட்ட பகுதிகளைச் சேர்த்துக் கொடுக்கும் எங்கள் சொந்த நோடு ஒன்றில், பின்னோக்கிப் படிக்கும் கிளை. முன்னும் பின்னும் நகரும் கர்சர் திறந்து பின்னால் போகச் சொன்னால் போஸ்ட்கிரெஸில் பல நோடுகள் பின்னோக்கி நடக்கும். தாங்காத நோடு மேலே இருந்தால் பிளானர் அதன் தலையில் மெட்டீரியல் நோடு ஒன்றை வைத்து, வந்ததையெல்லாம் சேமித்துக்கொள்ளும். எங்கள் பிளானர் இந்த நோடு 'தாங்காது' என்று பதில் சொல்கிறது, எக்ஸிகியூட்டரோ தாங்குவதற்கான நிரலை வைத்திருக்கிறது. இருவரில் ஒருவர் சொல்வது தவறு. பிளானரின் பதிலை மாற்றி ஓட்டிப் பார்த்தால், சின்ன அட்டவணைகளில் சரியாகவே வருகிறது. ஒரு பகுதி முழுவதும் தீர்ந்துபோன பிறகு திசை மாறினால் என்ன ஆகும் என்பதை இன்னும் முழுமையாகச் சோதிக்கவில்லை.

தம்பி அதை எடுத்துவிட வேண்டும் என்கிறான். பிளானர் 'தாங்காது' என்று சொல்லும்வரை அது செத்ததே, தேவைப்படும்போது கிட்டில் இருக்கிறது, சோதிக்காத நிரலை நம்பி யாராவது பிளானரின் பதிலை மாற்றிவிட்டால் தவறான விடை வரும் என்பது அவன் வாதம். வலுவான வாதம். நான் ரிசல்ட்டின் கதையைச் சொல்கிறேன்: இது இயல்பால் சாகவில்லை, பிளானரின் ஒரு வரியால்தான் ஓடாமல் இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் கிளைக்கு மேலே, ஏன் ஓடவில்லை, எந்த ஃபங்ஷனின் எந்தப் பதில் மாறினால் ஓடும், எந்த நிலைமை சோதிக்கப்படவில்லை என்று மூன்றையும் எழுதி, சோதனைப் பதிப்பில் அங்கே வந்தால் நிற்கும்படி ஒரு அசெர்ட்டும் போட்டிருக்கிறோம். அடுத்த வெளியீட்டுக்குள் பகுதி தீர்ந்தபின் திசை மாறும் டெஸ்டை அவன் எழுதுகிறான். அது தேறினால் பிளானரின் பதில் மாறும். தேறாவிட்டால் கிளை போகும்; அந்தப் பேட்சில் ஒப்புதல் போடுவது நான்தான்.